இருமும் காகிதம்

சத்தக்காரர் லெட்டர்ஹெட்டைக் கையில் வாங்கினார். பார்ப்பார் என்று வாலு காத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாளின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஓர் உதறு உதறினார்.

“இருமுது” என்றார்.

“யாருங்க?”

“காகிதம்தான். வறட்டு இருமல். உங்களுக்குக் கேக்கலையா?”

வாலுவுக்குக் கேட்கவில்லை. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த டிசைன் அது. தாளின் தலைப்பகுதியில் மெல்லிய நீலக் கோடு ஒன்று நேராகப் புறப்பட்டு, நடுவில் நெளிந்து, வலது ஓரத்தில் அடங்கும். ஒலி அலை. அந்த நெளிவை எத்தனை தடவை அழித்து அழித்து வரைந்தாள் என்பதற்கு அவளிடமே கணக்கில்லை. அதை ஒரு மனிதர் காதில் வைத்துப் பார்த்து நோய் சொல்கிறார்.

விசிட்டிங் கார்டை நீட்டினாள். அவர் அதை நகத்தால் சுண்டினார்.

“இவன் குண்டன். நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்குறான்.”

உறையை நீட்டினாள். மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

“இது பொய் சொல்லுது.”

“என்ன பொய்ங்க?”

“அது தெரியலை. ஆனா சொல்லுது.”

அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அடர்ந்த மீசை, அதைவிட அடர்ந்த கூச்சம். தொழில், படங்களுக்குச் சத்தம் செய்வது. திரையில் கதாநாயகன் மாடிப்படி ஏறினால் அந்தக் காலடிச் சத்தம் இவருடையது. படம் எடுத்து முடித்த பிறகு, இந்த ஒலிப்பதிவு அறையில் நின்று, திரையைப் பார்த்தபடி, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு இவர் நடப்பார். பறவை சிறகடித்தால் தோல் கையுறையை உதறுவார். பனியில் நடக்க வேண்டுமென்றால் சோளமாவு மூட்டையை மிதிப்பார். இத்தனை வருஷமும் வேலையைப் பற்றி யாருக்காவது எழுத வேண்டியிருந்தால் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதியவர். இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவரைத் தேடி வந்திருந்தது. முறையான லெட்டர்ஹெட்டில் பதில் எழுதுங்கள், கார்டும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தது. நாள்காட்டித் தாளை அவர்களுக்கு அனுப்ப முடியாது என்று அவர் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் வாலு.

அந்த அறைக்குள் போவதற்கே ஒரு சடங்கு இருந்தது. கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட், வளையல், மூக்குக் கண்ணாடி, சட்டைப்பையில் குலுங்குகிற எதுவானாலும் கதவுக்கு வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே மைக்குக்கு அத்தனை கூர்மையான காது. வாலு முதல் நாள் போட்டிருந்த சட்டைகூட மொடமொடவென்று இருந்ததால், அவர் மனைவியின் பழைய பருத்திச் சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

“அடுத்த தடவை நல்லதா கொண்டுட்டு வாங்க” என்றார் சத்தக்காரர், தரையைப் பார்த்தபடி. “நீங்க நல்லாத்தான் பண்றீங்க.”

நல்லாத்தான் பண்ணுகிறவளுக்கு வெளியே வந்ததும் அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல் வந்தது.

வாலு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். முப்பது தாண்டியும் மாறவில்லை. குணம் மாறினால்தானே பெயர் மாற. சில மாதங்களுக்கு முன்புவரை அவள் ஒரு விளம்பர அலுவலகத்தில் தரை கழுவும் திரவத்துக்கு லேபிள் செய்துகொண்டிருந்தாள். எந்த லேபிளைக் கொண்டுபோனாலும் மேனேஜர் தலையைச் சாய்த்து, “பளிச்சுனு இல்லையேம்மா, ஒரு நட்சத்திரம் போடு” என்பார். போடுவாள். “இன்னொண்ணு போடு” என்பார். ஒருநாள் கடுப்பில் பொருளின் பெயரையே எடுத்துவிட்டு, லேபிள் முழுக்க நட்சத்திரமாக நிரப்பிக் கொண்டுபோய் வைத்தாள். மேனேஜர் நெகிழ்ந்துபோனார். “இப்பதான் உனக்குத் தொழில் பிடிபட்டிருக்கு” என்றார். அன்று மதியமே ராஜினாமா.

சொந்தமாக டிசைன் செய்யப்போகிறேன் என்றதற்கு அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “மூணு மாசம் தர்றேன். நம்ம சொந்தக்காரங்க இல்லாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன் டிசைனைப் பார்த்து சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா பழைய ஆபீஸுக்குப் போயிடணும்.” நியாயமான நிபந்தனைதான். அதுவரை வாலுவுக்கு வந்த வேலையெல்லாம் சித்தப்பா மகனின் உடற்பயிற்சிக் கூடம், பெரியம்மாவின் தையல் வகுப்பு என்று ரத்த உறவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மா டிசைனைப் பார்க்காமலே பிரமாதம் என்றாள். பார்த்த பிறகு, பரவாயில்லை என்றாள்.

மூன்று மாதம் அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மேனேஜரும் அன்று சாயந்திரம்வரைதான் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். சத்தக்காரர் சரி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் திங்கள் காலை நட்சத்திரம்.

இரண்டாவது தடவை போனாள். கோட்டை மாற்றினாள், எழுத்தை மாற்றினாள், நீலத்தைப் பச்சையாக்கினாள். அவர் கண்ணை மூடினார், உதறினார். “இருமல் நின்னுடுச்சு. ஆனா பயந்து போயிருக்கு.”

அன்று திரும்பி வரும்போது, ஒலிப்பதிவுக் கூடத்தின் மாடிப்படியில் பாதி இறங்கிய இடத்தில், வாலுவுக்கு உதித்தது. உதித்தது என்பது சரியான சொல் இல்லை. தலையில் விழுந்தது. அந்த மனிதர் ஒரு தடவைகூடக் கோட்டைப் பற்றிப் பேசவில்லை. எழுத்தைப் பற்றிப் பேசவில்லை. நிறத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்குக் காதுதான் கண். லெட்டர்ஹெட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிற முதல் வாடிக்கையாளர் உலகத்திலேயே அவளுக்குத்தான் கிடைத்திருக்கிறார். மிச்சப் படிகளை அவள் இறங்கவில்லை, குதித்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்காவின் கணவர் அச்சகம் வைத்திருந்தார். கீழே இயந்திரம், மேலே வீடு. நடுவில், காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த அறையின் மூலையில் வாலுவின் மேசை. அவள் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றபோது மாமா உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, உங்ககிட்ட இருக்கிற எல்லா ரகத்துலயும் ஒவ்வொரு தாள் எடுங்க.”

“எதுக்கு?”

“காதுல வச்சுப் பாக்கணும்.”

மாமா துணியைக் கீழே வைத்தார். மேலே திரும்பி, “இங்க கொஞ்சம் வாயேன், உன் தங்கச்சிக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

அக்கா கரண்டியோடு இறங்கி வந்தாள். வாலு விளக்கினாள். கையை ஆட்டி, காலை ஆட்டி, சத்தக்காரர் மாதிரி கண்ணை மூடிக் காட்டி விளக்கினாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, யார் கண்ணைக் கட்டணும்?” என்றாள். அக்காவிடம் இது ஒரு நல்ல குணம். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துவிட்டால் முன்வரிசையில் இடம் பிடிப்பாள்.

மாமாவின் கண்ணைத்தான் கட்டினார்கள். வாலு ஒவ்வொரு தாளாக அவர் காதருகே உதறினாள்.

“இது பாண்டு பேப்பர்” என்றார் மாமா.

“ரகம் கேக்கலை மாமா. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

“பாண்டு பேப்பர் மாதிரி இருக்கு.”

“தள்ளுங்க” என்று கட்டை அவிழ்த்து அக்கா தன் கண்ணில் கட்டிக்கொண்டாள். வாலு உதறினாள்.

“இது எதிர்வீட்டம்மா துணி காயப்போடுற சத்தம். நம்மளைப் பத்திக் குறை சொல்லிக்கிட்டே உதறுவாங்களே, அது.”

“இது?”

“இது உங்க மாமா கோபமா பேப்பர் படிக்கிற சத்தம்.”

“நான் எப்ப கோபமா படிச்சேன்?” என்றார் மாமா.

“நேத்து. காபி ஆறிப்போச்சுன்னு வாயைத் திறந்து சொல்லாம பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினீங்க. இதுக்கு அடுத்தது?”

அன்று அச்சகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. கெட்டி அட்டையைச் சுண்டினார்கள், மெல்லிய தாளைக் கசக்கினார்கள், உறைக்குள் உறையைப் போட்டுக் குலுக்கினார்கள். கார்டுக்கு ஓர் அட்டை கிடைத்தது. மேசையில் வைத்தால், நல்ல பெட்டியின் தாழ்ப்பாள் விழுவதுபோல ஒரு ‘டக்’. மாமா அதை எடுத்து வைத்தார், எடுத்து வைத்தார், வேலையை மறந்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். உறைக்கு உள்பக்கம் எண்ணெய்த் தாள் ஒட்டியதும், பிரிக்கும்போது தூரத்தில் மழை பிடிப்பதுபோல இருந்தது. அக்கா மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, “இங்கேருந்து கேக்குது, இங்கேருந்தும் கேக்குது” என்று அறிவித்தாள். லெட்டர்ஹெட்டுக்கு வெங்காயத் தோல் மாதிரி ஒரு தாள். உதறினால் பத்துப் புறாக்கள் ஒரே சமயத்தில் கிளம்பின. பிறகு மூன்று பேருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாத சிரிப்பு. அடுப்பில் எதுவோ தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடங்கியது.

அடுத்த நாள் அச்சடித்தார்கள். புறாக்கள் செத்துவிட்டன.

தாளை உதறினால் ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. மை ஏறினால் சத்தம் மங்குகிறது. வாலு ஒலி அலையைப் பாதியாகக் குறைத்தாள். நான்கைந்து புறாக்கள் திரும்பி வந்தன. அலையையே எடுத்தாள். முகவரியைச் சின்னதாக்கினாள். பெயரை மெலிந்த எழுத்தில் போட்டாள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கச் சத்தம் உயிர் பெற்றது, அவளுக்கும் வெறி ஏறியது.

“வாலு, நான் சொல்றதைக் கேளு” என்றார் மாமா. “நான் அச்சகம் வச்சிருக்கேன். அச்சகம்னா அச்சடிக்கணும். வெறும் தாளைக் கட்டிக் கொடுத்தேன்னு வெளியில தெரிஞ்சா என்னை என்னன்னு சொல்லுவாங்க?”

“வெறும் தாள் இல்ல மாமா. மை இல்லாம அழுத்தி எடுங்க. எழுத்து பள்ளமா மட்டும் விழட்டும்.”

“யார் கண்ணுக்கும் தெரியாது.”

“சாய்ச்சுப் பிடிச்சா தெரியும்.”

மாமா அழுத்தி எடுத்துக் கொடுத்தார். சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். தெரிந்தது. அதுவும், அங்கே எழுத்து இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்குத் தெரிந்தது. அக்கா மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “உன் பேரை இந்த மாதிரி போட்டா ஒத்துக்குவியா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். வாலு புறாக்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். வளையல், சாவி, கைப்பேசி எல்லாவற்றையும் தட்டில் போட்டாள். உள்ளே சத்தக்காரர் ஒரு சண்டைக் காட்சியை முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

வாலு பையைத் திறந்தாள். தாளை அவர் கையில் கொடுத்தாள். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். உதறினார்.

மீசைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. மறுபடி உதறினார். கார்டை மரப்பலகைமேல் வைத்தார். ‘டக்’. உறையைப் பிரித்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் மெல்லுவதை நிறுத்தினார்.

“இதை யார் பண்ணது?” என்றார் சத்தக்காரர்.

“நான்தாங்க. நாங்க மூணு பேர்.”

“ரொம்ப நல்லா இருக்கும்மா. இருமல், பயம், பொய் ஒண்ணும் இல்ல. சரி, வாங்க, வெளியில போய் ஒரு டீ குடிச்சுட்டு நிதானமா பாக்கலாம்.”

சரி என்று சொல்லிவிட்டார். வாலுவுக்குக் காலில் தரை தட்டுப்படவில்லை. பாக்கலாம் என்ற சொல் அவளை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. கதவைத் தாண்டும்போதே அக்காவுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வெளி அறையில் அவர் மனைவி டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். யாருக்கு என்ன தேதி, எந்தப் படத்துக்கு எத்தனை நாள் என்று கணவரின் வேலை முழுவதையும் கவனித்துக்கொள்கிறவர் அவர்தான். சத்தக்காரர் தட்டில் துழாவினார். வாலுவின் வளையலுக்கு அடியிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். கனமான கண்ணாடி. அதற்குப் பின்னால் அவர் கண்கள் திடீரென்று இரண்டு பங்கு பெரிதாகின. லெட்டர்ஹெட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். திருப்பினார். தலைகீழாக்கினார்.

“இதுல எது மேல்பக்கம்?”

வாலு பதில் சொல்வதற்குள் அவர் மனைவி தாளை வாங்கிப் பார்த்தார். “வெறும் தாளைக் குடுத்திருக்கீங்களேம்மா. அடிச்சதை எடுங்க.”

“அடிச்சதுதாங்க அது. சாய்ச்சுப் பாத்தா...” வாலு தாளை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். “அவர் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக் காதுல வச்சுத்தானே பாத்தார். அதனாலதான்...”

மனைவி கணவரைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். “ரெண்டு தடவையும் உள்ளேயே வச்சுத்தான் பாத்தீங்களா?”

சத்தக்காரர் டீயைப் பார்த்தார்.

“கண்ணாடி இல்லாம?”

“கண்ணாடி போட்டா காதுகிட்ட கிச்சுகிச்சுனு சத்தம் வருதே. உள்ள எப்படிப் போடறது.”

“தூரத்துல திரை தெரியும். கண்ணாடி இல்லைன்னா கையில இருக்கிறது உங்களுக்குத் தெரியாதே.”

“அந்தப் பொண்ணு ஆசையா எடுத்துக்கிட்டு வருது. ஒண்ணும் தெரியலைம்மான்னு எப்படிச் சொல்றது?” அவர் காது நுனி சிவந்தது. “கொண்டுவந்ததுக்கு ஏதாவது சொல்லணுமேன்னு உதறிப் பாத்தேன். காதுல பட்டதைச் சொன்னேன்.”

வாலு நாற்காலியில் உட்கார்ந்தாள். புறாக்கள், மழை, தாழ்ப்பாள், தீய்ந்துபோன சமையல் எல்லாம் ஒரு மனிதர் கண்ணாடி போடாததற்கு. திங்கட்கிழமை காலை அவளுக்கு முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது.

பையில் பழைய டிசைன்கள் இருந்தன. கடைசி முயற்சியாக எடுத்து மேசையில் பரப்பினாள். சத்தக்காரர் இந்த முறை ஒழுங்காகப் பார்த்தார். விரலை நீலக் கோட்டின்மேல் நகர்த்தினார்.

“எறும்பு போகுதா?”

“ஒலி அலைங்க.”

“ஓ. நல்லா இருக்கும்மா, சுத்தமா இருக்கு.” மேலும் பார்த்தார். பிறகு, கூச்சத்தையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு முதல் தடவையாக நேராகக் கேட்டார். “இதுல நான் எங்க?”

“உங்க பேர் இங்க...”

“பேர் படம் முடிஞ்ச பிறகும்தான் ஓடுது. அப்ப எல்லாரும் செருப்பைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.”

“இவர் அண்ணன் வீட்டுல எல்லாரும் உக்காந்து படம் பாத்தோம்” என்றார் மனைவி. “ஹீரோ நடந்து வர்றான். அண்ணன் சொல்றார், நடைன்னா இதுடா, தரையே அதிருதுன்னு. தரையை அதிரவச்சவர் பக்கத்துலதான் உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டு இருந்தார். வாயைத் திறக்கணுமே.”

“கம்பெனிக்காரங்க என்னைப் பாத்ததே இல்லம்மா” என்றார் சத்தக்காரர். “யாருமே பாத்ததில்ல. அதனால ஒரு போட்டோ போட்டா...” சட்டைப்பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் படத்தை எடுத்து நீட்டினார். முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

லெட்டர்ஹெட்டில் போட்டோ. வாலு படித்த படிப்பில் அது கொலைக்குச் சமம். அதிலும் இந்தப் படத்தில் அவர், ‘காணவில்லை’ அறிவிப்புக்கு முழுத் தயாராக இருந்தார். கண் எங்கேயோ நிலைத்திருந்தது. மீசைகூட வாடியிருந்தது. மாட்டேன் என்று சொன்னால் வேலை போகும், சரி என்று சொன்னால் தொழில் போகும். அவள் வாயைத் திறப்பதற்குள் சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“அண்ணே, இன்னும் நாலு ஷாட் பாக்கி இருக்கு” என்றது ஒலிப்பதிவாளரின் குரல். “முடிச்சுட்டுப் போய் டீ குடிங்க.”

சத்தக்காரர் கண்ணாடியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். வாலு வெளி அறையிலேயே, கதவில் இருந்த கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம், மேசை விளிம்பில் சாய்ந்து நின்றாள். இதுவரை அவர் வேலை செய்யும்போது அவள் பார்த்ததெல்லாம் கால், கை, இல்லையென்றால் திரை. யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். இப்போது திரை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. சத்தமும் இந்தப் பக்கம் வரவில்லை. மிச்சம் இருந்தது அவர் முகம்.

முதல் ஷாட்டில் யாரோ சேற்றில் நடக்க வேண்டும். சத்தக்காரர் ஈரத் துணி நிரம்பிய தொட்டியில் கால் வைத்தார். அவர் முகம் முழுவதும் சேறானது. ஒரு கன்னம் கீழே வழிந்தது, உதடு உள்ளே புதைந்தது, அடுத்த காலை எடுக்கும்போது புருவம் ‘ப்ளக்’ என்று பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது.

இரண்டாவது, பழைய கதவு. அவர் ஒரு துருப்பிடித்த கீலைத் திருகினார். தாடை ஒரு பக்கமாகத் திறந்துகொண்டே போனது. மீசையின் இடது பாதி மெல்ல மெல்ல எழுந்தது. கதவு யாரையோ உள்ளே விட யோசிக்கிறது என்று அந்த மீசையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வாலு தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தாள்.

மூன்றாவது, ஓர் அடி. தோல் பையைக் குத்தினார். குத்தியவனும் அவர்தான், வாங்கியவனும் அவர்தான். இரண்டு முகமும் ஒரே நொடியில் வந்து போயின. வாலு இரண்டையும் பிடித்தாள். சிரிப்பு முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருந்தது.

நான்காவது, முத்தம்.

அவர் மைக்குக்கு அருகில் வந்தார். தன் முழங்கையை மடக்கி, மணிக்கட்டை உதட்டருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். ஐம்பது வயது தாண்டிய, மீசை வைத்த, வேலைக்கு வந்தவளிடம் கண் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்ட அந்த மனிதர், இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக மாறித் தன் மணிக்கட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். பிறகு இருபத்தைந்து வயதுப் பையனாக மாறி, அதைத் திருப்பிக் கொடுத்தார்.

வாலுவின் பின்னால் டீத் தம்ளர் உருண்டது. அவர் மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் அவருக்குக் கால் நிற்கவில்லை. “இதைத்தான் செய்யறாரா உள்ள?” என்று திணறினார். “நான் ஒருநாளும் எட்டிப் பாத்ததே இல்லையேம்மா. படத்துல சத்தம் மட்டும்தானே கேப்பேன். எடுங்க, எடுங்க, விடாதீங்க.”

சத்தக்காரர் வெளியே வந்து கண்ணாடியை மாட்டுவதற்குள் வாலு தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்திருந்தாள். மாமா அழுத்திக் கொடுத்த தாள்களைப் பரப்பி, பையிலிருந்த கறுப்பு மார்க்கரால் வரைந்தாள். கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். மெல்லிய கோடு இல்லை, தடித்த கோடு. லெட்டர்ஹெட்டின் உச்சியில் கதவு முகம், பாதி மீசை எழுந்தபடி. தாளின் அடியில் சேற்று முகம், எழுத வேண்டிய இடத்திலிருந்து காலைப் பிடுங்குவதுபோல. உறையின் மூடி வெளிப்பக்கம் குத்துகிறவன், திறந்தால் உள்பக்கம் வாங்குகிறவன். பெயரும் முகவரியும் பக்கத்திலேயே, யாரும் சாய்த்துப் பார்க்கத் தேவையில்லாத கறுப்பில். கார்டில் முத்தம். வேறு எங்கேயும் அதற்கு இடம் இல்லை.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கதவைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். உறையைத் திறந்து மூடினார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். வாலுவுக்கு மேனேஜரின் நாற்காலி கண்முன் வந்தது, அதன் கிழிந்த கைப்பிடிகூட வந்தது.

“நான் இப்படியா இருக்கேன்?”

“வேலை செய்யறப்ப” என்றாள் வாலு.

“இந்தக் கார்டு... வெளிநாட்டுக்காரன் என்னை என்னன்னு நினைப்பான்?”

“என்ன வேணாலும் நினைக்கட்டும், மறக்க மாட்டான்” என்றார் மனைவி. கார்டை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். “இந்த ஒண்ணு எனக்கு. பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக்கிறேன். இத்தனை வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறேன், இப்படி ஒரு ஹீரோயின் வீட்டுல இருக்கிறது தெரியாமப் போச்சு.”

சத்தக்காரர் மீசையைத் தடவினார். அந்த மீசை இனி யாருக்கோ தபாலில் போகப்போகிறது என்பது அவருக்கு மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது. முகத்தில் கூச்சமும் பெருமையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தன. பெருமை ஒரு தோள் முன்னால் வந்துவிட்டது.

“சரி” என்றார். “இதுதான். இப்படியே அடிச்சிடுங்க.”

“மை போட்டா காகிதச் சத்தம் போயிடும்” என்றாள் வாலு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது அவளுக்கு.

“காகிதத்தை எவன் கேக்கப் போறான்? ஆனா நோட்டு அட்டைக்கும் ஒண்ணு வேணும். குறிப்புச் சீட்டுக்கும். இருங்க.” அவர் அறையின் நடுவில் போய் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைப்பேசியைப் பார்த்து முகத்தைக் கோணினார். சகிக்கவில்லை. ‘காணவில்லை’ அறிவிப்புக்காரருக்குப் பல்வலி வந்ததுபோல இருந்தது.

“நடிக்காதீங்க” என்றார் மனைவி. “உங்களுக்கு அது வராது. ஏதாவது சத்தத்தைப் பண்ணுங்க.”

அவர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். செருப்பை உதறிவிட்டு, மேசைமேல் இருந்த இரண்டு மரக் கட்டைகளை எடுத்துக்கொண்டு, அறையைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். முதல் சுற்றில் நடை. இரண்டாவது சுற்றில் பாய்ச்சல். மூக்குத்துவாரம் விரிந்தது, உதடு படபடத்தது. மனைவி நாற்காலிகளை இழுத்து வழிவிட்டார்.

அப்போது வாலுவின் கைப்பேசி அதிர்ந்தது. மேனேஜர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் சரியாகத் தொடங்கியிருந்தது.

“என்னம்மா, திங்கட்கிழமை வர்றேல்ல?” என்றார். பிறகு நிறுத்தினார். “அங்க என்ன சத்தம்? யாரு ஓடுறா?”

“என் கிளையண்ட் சார்.”

“ஓடுறாரா?”

“வேலை நடக்குது சார். நான் வரலை.”

“யோசிச்சு சொல்லும்மா. நாற்காலியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்.”

“கொடுத்துடுங்க சார். நல்லா இருக்கட்டும். வச்சுடறேன், இவர் குதிரையா மாறிட்டார். இந்த முகம் போச்சுன்னா மறுபடி வராது.”

மேனேஜர் அடுத்து என்ன சொன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. அழைப்பை வெட்டிவிட்டு, முழங்காலில் நின்று, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாள். சத்தக்காரர் மேசையைச் சுற்றி வளைந்து, பிடரிமயிர் இல்லாத தலையைச் சிலிர்த்துக்கொண்டு, நேராக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்.